செங்குறிஞ்சி: மூப்பும் முளைப்பும்

தென்காசிக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை ஓரிடத்தில் தாழ்ந்து, செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறிச்செல்லும் கணவாயாகத் திறக்கிறது. இந்தக் கணவாய்க்குத் தெற்கே எழும் முதல் மலைத்தொகுதி குற்றால மலை. அதிலிருந்து பாபநாசம், களக்காடு, அகத்தியமலை என்று தெற்கே நீளும் பொதிகை மலைகளில் மட்டும் இயற்கையாக வளர்ந்து, உலகில் வேறெங்கும் காணப்படாத மரங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றான செங்குறிஞ்சி, முப்பது மீட்டருக்கு மேல் ஓங்கி வளர்ந்து மழைக்காட்டின் விதானத்தில், அதாவது பெருமரங்களின் உச்சிக்கிளைகள் ஒன்றோடொன்று கோத்து அமைக்கும் மேல்தளத்தில், நிற்பது. குற்றால மலையின் முகட்டுக்கு அப்பால், கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், 1984இல் அறிவிக்கப்பட்ட செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் தன் பெயரை இந்த மரத்திடமிருந்தே பெற்றது. ஆரியங்காவுக் கணவாயின் தென்புறக் குன்றுகளில் ஒருகாலத்தில் மிகுதியாக இருந்த இம்மரம் அங்கே வேகமாகக் குறைந்துவருகிறது என்பதையும், எஞ்சிய மரங்களின் கீழே இளங்கன்றுகள் போதிய அளவு எழவில்லை என்பதையும் வனத்துறையினரும் தாவரவியலாளரும் சில காலமாகவே சொல்லிவருகின்றனர். ஏன் என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை எதிர்பார்க்கப்படுகிறது. மரத்தின் வாழ்க்கையோ அந்த ஒரு சொல்லுக்குள் அடங்குவதாக இல்லை.

செங்குறிஞ்சி மாவும் முந்திரியும் இடம்பெறும் அனகார்டியேசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சென்னை மாகாண வனத்துறைக்கு 1860 முதல் 1882 வரை தலைமை வகித்த ரிச்சர்ட் ஹென்றி பெடோம், தென்னிந்தியக் காட்டு மரங்களைப் படங்களுடன் விவரித்து 1869க்கும் 1874க்கும் இடையே பகுதி பகுதியாக வெளியிட்ட நூலில் இதற்கு ‘குளூட்டா டிராவன்கோரிகா’ என்று அறிவியல் பெயர் சூட்டினார். குளூட்டா என்னும் பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களைத் தொகுக்கும் வகைப்பாட்டு அலகில், ஏறத்தாழ முப்பது சிற்றினங்கள் இருக்கின்றன. மிகப் பெரும்பாலானவை பர்மா, தாய்லாந்து, மலேயா, இந்தோனேசியக் காடுகளில் வாழ, அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து ஒன்று மடகாஸ்கரிலும் ஒன்று இந்தப் பொதிகைக் காடுகளிலும் தனித்து நிற்கின்றன. பர்மாவின் புகழ்பெற்ற அரக்குப் பாத்திரங்களுக்கு மெருகேற்றும் பால் இதே பேரினத்து மரம் ஒன்றிலிருந்து வடிக்கப்படுவது. காற்றுப் பட்டதும் கறுப்பதும், தோலில் பட்டால் புண்ணாக்குவதும் அந்தப் பாலின் இயல்பு. செங்குறிஞ்சியின் வைரக்கட்டை சிவந்தது, உறுதியானது. இரத்த அழுத்தத்துக்கும் மூட்டுவாதத்துக்கும் இம்மரம் நல்ல மருந்து என்ற நம்பிக்கையும் உண்டு, ஆனால் மரத்தின் வீழ்ச்சியை அந்த நம்பிக்கையின் தலையில் ஏற்றுவதற்கு முகாந்திரம் இல்லை.

இந்த மரம் எவ்வளவு முக்கியமானது என்பதற்குப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வரைபடங்களே சாட்சி. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளை வகைப்படுத்திய ழான்-பியேர் பஸ்கால், ஒவ்வொரு வகைக்கும் அங்கே ஓங்கி நிற்கும் மரங்களின் பெயர்களையே சூட்டினார். ஆனைமலை முதல் அகத்தியமலை வரை நடுத்தர உயரங்களில் வெடிப்பலா, நாங்கு, பாலி ஆகிய மூன்றும் பொதுவாக வருகின்றன. கணவாய்க்குத் தெற்கே வந்ததும் அந்த மூன்றோடு நான்காவதாகச் செங்குறிஞ்சி சேர்ந்து, அந்தக் காட்டை வடக்கே உள்ளதிலிருந்து வேறாக்குகிறது. எனவே இது எங்கோ மூலையில் ஒளிந்திருக்கும் அரிய செடி அன்று; ஒரு காட்டு வகையின் அடையாள மரம். அடையாள மரம் அருகுவது, பட்டியலிலிருந்து ஒரு பெயர் குறைவதைக் காட்டிலும் பெரிய நிகழ்வு.

அருகுதல் என்பது இங்கே எந்த வடிவில் நிகழ்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பறவையோ விலங்கோ அருகினால் அது கண்ணுக்குத் தெரியும். நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. பெருமரம் அப்படி மறைவதில்லை. நூறாண்டு, இருநூறாண்டு வாழக்கூடிய மரத்துக்குத் தன் வாழ்நாள் முழுவதிலும் ஒரே ஒரு வாரிசு விதானத்தை எட்டினால் போதும், இனம் குறையாது. அந்த ஒன்றும் எட்டாதபோது, நிற்கும் மரங்கள் எல்லாம் தழைத்துப் பசுமையாக இருக்கும்போதே இனத்தின் முடிவு தொடங்கிவிடுகிறது. பிள்ளைகள் எல்லாரும் வெளியூர் போய், திண்ணைதோறும் முதியவர்கள் மட்டுமே அமர்ந்திருக்கும் கிராமத்தில் தலைகளை எண்ணினால் ஊர் நன்றாக இருப்பதாகவே தோன்றும். விதையிலிருந்து நாற்று, நாற்றிலிருந்து கன்று, கன்றிலிருந்து இளமரம் என்று அடுத்த தலைமுறை தானாக எழுவதை வனவியலில் இயற்கை மறுவளர்ச்சி என்பார்கள். செங்குறிஞ்சியின் குறை இந்த மறுவளர்ச்சியில்தான் இருக்கிறது. டேவிட் டில்மனும் அவருடைய கூட்டாளிகளும் 1994இல் முன்வைத்த ‘அழிவுக் கடன்’ என்ற கருத்து இதற்கு நன்கு பொருந்தும்: வாழிடம் சிதைந்த அன்றே ஓர் உயிரினம் அழிவதில்லை, சிதைவின் விளைவாக அது பின்னொரு நாள் அழிய வேண்டியது நிச்சயமாகிவிட, இடைப்பட்ட காலத்தை அது கடனில் ஓட்டுகிறது. மரங்களில் இந்தத் தவணை ஒரு மனித வாழ்நாளைவிட நீண்டது. ஆகவே இன்று காணும் குறைவின் காரணத்தை இன்றைய நிகழ்வுகளில் மட்டும் தேடுவது, நூறாண்டுக்கு முன் வாங்கிய கடனுக்கு நேற்றைய செலவுக் கணக்கைப் புரட்டுவதாகும்.

ஒற்றைக் குற்றவாளியைத் தேடும் பழக்கத்துக்கு நியாயம் இல்லாமலில்லை. நியூயார்க்கில் 1904இல் கண்டறியப்பட்ட பூஞ்சைநோய் ஒன்று, அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்கக் கஷ்கொட்டை மரங்களில் 300 முதல் 400 கோடி வரை கொன்றதாக மதிப்பிடப்படுகிறது. அங்கே கொலையாளி ஒன்றுதான். குடகில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவனிக்கப்பட்ட கூர்நுனி நோய், இலைகளைச் சிறுத்து முள்போல் ஆக்கிச் சந்தன மரங்களைக் காய வைத்தபோதும் காரணம் ஒரு நுண்ணுயிர் என்றே முடிவானது. ஆனால் இந்த நோய்களில் முதிர்ந்த மரங்களே கண்முன் பட்டுப்போயின. முதிர்ந்த மரம் நலமாக நிற்க, கன்று மட்டும் எழாதிருக்கும் நிலை வேறு வகையானது. அந்த வகைக்கு மொரீசியஸ் தீவின் தம்பலகோக் மரம் நல்ல பாடம். அந்தத் தீவில் 13 முதிய மரங்களே எஞ்சியுள்ளன என்றும், எல்லாமே முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்டவை என்றும், டோடோ பறவையின் இரைப்பையில் அரைபட்டால்தான் அதன் விதை முளைக்கும் என்பதால் 17ஆம் நூற்றாண்டில் டோடோ அழிந்ததோடு மரத்தின் வம்சமும் நின்றுவிட்டது என்றும் ஸ்டான்லி டெம்பிள் 1977இல் எழுதினார். கதை அழகானது, உலகமெங்கும் பாடநூல்களில் ஏறியது. பிறகு தேடியவர்களுக்கு அந்த மரங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. டோடோ போன பின்னர் முளைத்த இளைய மரங்களும் இருந்தன. பறவை உதவியின்றியே விதை முளைப்பதும் தெரிந்தது. பன்றி, குரங்கு, மான், அயல் செடிகள், காடழிப்பு என்று பல காரணங்கள் கூடி நிகழ்த்திய வீழ்ச்சியை ஒரு பறவையின் மீது ஏற்றியது, கேட்பதற்கு இனிதாக இருந்ததாலேயே நிலைத்தது. செங்குறிஞ்சிக்கும் இப்படி ஒரு டோடோ தேடப்படுமானால் அது கிடைத்துவிடும் என்பதே அச்சம்.

காரணங்களில் மிகப் பழையது மனிதருக்கு முந்தையது. நீலகிரியின் சதுப்புகளில் முழுதும் மட்காத தாவர எச்சங்கள் அடுக்கடுக்காகத் தேங்கி உருவான கரிமண் படிவுகளை ஆராய்ந்து ராமன் சுகுமாரும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட முடிவுகள், கடந்த இருபதாயிரம் ஆண்டுகளில் தென்னிந்தியப் பருவமழை பலமுறை நலிந்தும் வலுத்தும் வந்ததைக் காட்டின. பனியுகத்தின் உச்சத்தில் மழை குன்றிப் புல்வெளிகள் பரவின. ஈரத்தை விட்டு விலகி வாழத் தெரியாத மரங்கள் அத்தகைய காலங்களில் மலைத்தொடரின் தென்கோடியில், வறட்சி மிகக் குறுகிய இடங்களில், ஒதுங்கிப் பிழைத்திருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மொத்த மழையளவைக் காட்டிலும் மழையற்ற மாதங்களின் எண்ணிக்கையே மரங்களின் பரவலைத் தீர்மானிக்கிறது: மகாராஷ்டிரப் பகுதியில் கொட்டும் மழை மிக அதிகமானாலும் அதன் பின் ஏழு, எட்டு மாத வறட்சி வருகிறது, தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் எட்டும் பொதிகைப் பகுதியில் வறண்ட மாதங்கள் இரண்டு, மூன்றே. பிழைத்த மரங்கள் மழை வலுத்தபோது வடக்கே திரும்பிப் பரவ முற்பட்டால் எதிரே நிற்பது செங்கோட்டைக் கணவாய். கோடையில் காய்ந்து, ஆனி ஆடியில் காற்று வீசியடிக்கும் தாழ்நிலம் அது. இன்று தென்காசியைச் சுற்றிக் காற்றாலைகள் பெருகியிருப்பதற்கும் குற்றாலத்தில் சாரல் விழுவதற்கும் அதே காற்றுதான் காரணம். தவளை, பல்லி, பூரான் முதல் மரம் வரை கணவாயின் இருபுறமும் வெவ்வேறு இனங்கள் வாழ்வதை ஆய்வாளர்கள் தொடர்ந்து கண்டுவருகின்றனர். செங்குறிஞ்சியின் வட எல்லை இந்தக் கணவாயின் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே ஆரியங்காவு, குற்றாலப் பக்கத்து மரங்கள் தங்கள் இனத்தின் எல்லைக்காவலில் நிற்பவை. எல்லையில் நிற்கும் கூட்டமே முதலில் தேயும் என்பது சூழலியலில் பலமுறை காணப்பட்ட நடப்பு. குறுகிய பரப்பு என்பது தன்னளவில் வீழ்ச்சி அன்று. ஆனால் பின்னர் வந்த ஒவ்வொரு அடியும் இவ்வளவு ஆழமாக இறங்கியதற்கு இந்தக் குறுகலே காரணம்.

அந்த அடிகள் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கின. அதற்கு முன்பே, 1800ஐ ஒட்டி, கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் அமைத்த நறுமணப் பயிர்த் தோட்டத்தின் வழியாகத்தான் கிராம்பு மரம் இந்தியாவுக்குள் வந்தது. சாதிக்காய், மங்குஸ்தான் முதலியவை இன்றும் குற்றாலச் சரிவுகளில் காய்க்கின்றன. ஆனால் அது அடிவாரத்தோடு நின்ற சிறிய மாற்றம். காட்டின் உடலைத் தொட்டவை பிந்தையவை: திருவாங்கூர்ப் பக்கத்தில் தேக்குத் தோட்டங்கள், ரப்பர், தேயிலை, 1904இல் புனலூரையும் செங்கோட்டையையும் இணைத்த இரயில் பாதை, அதன் வழியே இறங்கிய மரங்கள், பின்னர் 1980களில் கல்லடை ஆற்றுத் திட்டத்துக்காகத் தென்மலையில் எழுந்து செந்துருணியின் பள்ளத்தாக்குக் காட்டை நீருக்குள் மூழ்கடித்த அணை. இரயில் பாதை வந்த காலத்தில் செங்கோட்டை வட்டம் திருவாங்கூரிலும் தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்திலும் இருந்தன. 1956 நவம்பரில்தான் செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்தது. ஒரே மரம், ஒரே மலை, ஆனால் இரண்டு அரசுகள், இரண்டு வனத்துறைகள், இரண்டு வெட்டுத் திட்டங்கள். மாநில எல்லை மாறிய பின்னும் முகட்டுக் கோட்டின் இருபுறமும் கணக்குகள் தனித்தனியாகவே எழுதப்படுகின்றன.

தெற்கே மாஞ்சோலையின் வரலாறு இன்னும் நேரடியானது. சிங்கம்பட்டி ஜமீனுக்குரிய மலைக்காட்டில் 8,373 ஏக்கரை 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன், மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மலைமேல் தோட்டங்களை விரித்தது. பஸ்காலின் வகைப்பாட்டில் வெடிப்பலாவும் நாங்கும் பாலியும் செங்குறிஞ்சியும் சேர்ந்து நிற்கும் உயரம் ஏறத்தாழ 700 முதல் 1,400 மீட்டர் வரை. தேயிலைக்கும் காப்பிக்கும் உகந்த உயரமும் அதுவே. இந்த ஒற்றுமை செங்குறிஞ்சிக்கு நேர்ந்த பெரிய துரதிருஷ்டம். அதே காட்டின் உச்சிச் சோலைகள் குளிராலும் காற்றாலும் ஓரளவு தப்பின. அடிவார இலையுதிர் காடுகள் வெட்டியபின்னும் தூரிலிருந்து துளிர்க்கும் திறன் படைத்தவை. நடுத்தட்டுக் காடு மட்டும் முழுவதுமாகப் பயிருக்கு இடம்கொடுக்க வேண்டியிருந்தது.

வெட்டப்பட்ட காட்டைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். வெட்டப்படாத காட்டுக்கு நேர்ந்ததே செங்குறிஞ்சியின் புதிரை விளக்கும் திறவுகோல் என்று தோன்றுகிறது. ஏலம் நிழலில் வளரும் பயிர். ஏலத்துக்காகக் காட்டைக் குத்தகை எடுத்தவர்கள் பெருமரங்களை விட்டுவைத்து, அவற்றின் கீழே உள்ள நாற்று, கன்று, புதர் அனைத்தையும் ஆண்டுதோறும் வெட்டித் துப்புரவாக்கினார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் காடு அப்படியே இருக்கும். செயற்கைக்கோள் படத்திலும் அடர்காடாகவே பதிவாகும். ஆனால் இருபது, முப்பது ஆண்டு இப்படி நடந்தால் ஒரு தலைமுறைக் கன்றுகள் முழுவதும் இல்லாமற் போயிருக்கும். மரத்தேர்வு வெட்டு எனப்படும் முறையும் வேறு வழியில் அதே விளைவைத் தந்தது. விலைபோகும் மரத்தை மட்டும் ஆங்காங்கே எடுக்கும்போது விதானத்தில் ஓட்டை விழுகிறது, வெயில் தரையைத் தொடுகிறது, அந்த வெயிலை முதலில் பிடித்துக்கொள்வது வேகமாகப் பரவும் நாணல் மூங்கில்கள். அடர்ந்து நெருங்கிய நாணல் தூறுகளுக்குள் எந்த மரக்கன்றும் எளிதில் தலைநீட்டுவதில்லை. தோட்டத்தை ஒட்டிய காட்டு விளிம்பில் காற்று வறண்டு வெப்பம் ஏறுவதையும், கோடைத் தீ உள்ளே நுழைவதையும் இத்துடன் சேர்த்தால், முதிர்ந்த மரம் தாங்கிக்கொள்ளும் ஆனால் நாற்று தாங்காத ஒரு காடு உருவாகிவிடுகிறது.

நாற்று தாங்காததற்கு விதையின் உடலியலும் துணைபோகிறது. நெல்லையும் பயறையும் காயவைத்துச் சேமிக்கலாம். மாங்கொட்டையையோ பலாக்கொட்டையையோ அப்படிக் காயவைத்தால் அதன் உயிர் போய்விடும். காய்ந்தால் சாகும் இத்தகைய விதைகளை உலர்வு தாங்கா விதைகள் என்று தாவரவியல் வகைப்படுத்துகிறது. ஈரக்காட்டுப் பெருமரங்களில் மிகப் பல இந்த வகையைச் சார்ந்தவை. மாவின் குடும்பத்தில் பிறந்த செங்குறிஞ்சியும் இவ்வியல்புடையது என்று கருத இடமுண்டு. இத்தகைய விதை மண்ணுக்குள் உறங்கிக் காத்திருக்காது. விழுந்த சில வாரங்களுக்குள் ஈரம் கிடைத்து முளைத்தாக வேண்டும், இல்லையேல் அந்த ஆண்டின் முயற்சி முழுதும் வீண். மண்ணில் விதைச் சேமிப்பே இல்லாத மரத்துக்கு ஒரு தீய ஆண்டை அடுத்த ஆண்டு ஈடுசெய்யும் வசதி குறைவு.

முளைத்தாலும் எங்கே முளைக்கிறது என்பது முக்கியம். டேனியல் ஜான்சனும் ஜோசப் கானலும் 1970, 1971 ஆண்டுகளில் தனித்தனியே முன்வைத்த விளக்கத்தின்படி, தாய்மரத்தின் அடியிலேயே விழும் விதைகளையும் நாற்றுகளையும் அந்த இனத்தையே குறிவைக்கும் பூச்சிகளும் பூஞ்சைகளும் கூட்டமாக வந்து அழிக்கின்றன. தொலைவில் போய் விழுந்ததே தப்புகிறது. ஒற்றை விதை கொண்ட கனியைத் தொலைவுக்குக் கொண்டுசெல்ல விலங்கோ பறவையோ வேண்டும், அந்த விலங்கு நடமாட இடையறாத காடும் வேண்டும். சாலையும் தோட்டமும் நீர்த்தேக்கமும் இடையில் வந்து காட்டைத் துண்டாக்கியபோது விதையின் பயணமும் துண்டானது. வேட்டையில் குறைந்த காட்டுயிர்கள் இந்தக் கணக்கில் எப்போதும் எழுதப்படாத செலவு. இதே துண்டாடல் பூவையும் பாதிக்கும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் காக்காச்சிக் காட்டில் சௌபத்ரா தேவியும் பிரியா டேவிடாரும் மரங்களின் மகரந்தச் சேர்க்கையை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வு, பெரும்பாலான மரங்கள் காற்றை அன்றிப் பூச்சிகளையே நம்பியிருப்பதைக் காட்டியது. துணைமரம் நெடுந்தொலைவில் இருந்து, இரண்டும் வெவ்வேறு வாரங்களில் பூத்தால், பூச்சி எவ்வளவு உழைத்தும் பயனில்லை. எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே போனபின் அந்தக் குறைவே மேலும் குறைவை உண்டாக்குகிறது.

இங்கேதான் காலநிலை மாற்றம் வந்து சேர்கிறது. செங்குறிஞ்சி வழக்கமாகச் சனவரியில் பூப்பது. அண்மைக் காலத்தில் பூக்கும் பருவம் ஒழுங்கு தவறி நீள்வதாகக் கேரள வனத்துறையினர் கவனித்து, அதற்குப் பருவநிலை பிறழ்வைக் காரணமாகக் கூறியுள்ளனர். கேரளத்தின் நெடுங்கால மழைப் பதிவுகளை ஆராய்ந்தவர்களும் தென்மேற்குப் பருவமழை குறைந்து, அதற்குப் பிந்தைய மாதங்களின் மழை கூடிவரும் போக்கைக் கண்டுள்ளனர். மொத்த அளவு குறையாவிட்டாலும் பகிர்வு மாறினால் மேலே சொன்ன விதைக்கு அது உயிர்ப் பிரச்சினை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. இவை ஆண்டுச் சராசரியை உயர்த்தும், காட்டுத் தரையில் பிப்ரவரி, மார்ச் மாத ஈரத்தை உயர்த்தா. குற்றாலச் சீசன் பிந்தினால் தென்காசிக் கடைக்காரர்கள் கவலைப்படுவது போல, சாரல் பிந்தினால் விழுந்த விதைக்கும் தவிப்புதான்.

ஆயினும் காலநிலையை முதற்குற்றவாளியாக நிறுத்துவதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். உலகம் முழுவதும் செய்த பிழை யாரும் செய்யாத பிழையாகிவிடுகிறது. கையெழுத்திட்ட குத்தகைப் பத்திரமும், பெயருள்ள அணையும், எல்லை போட்ட தோட்டமும் பின்னணிக்குப் போய்விடுகின்றன. மேலும் காலநிலை விளக்கம் மட்டும் போதுமானால், அதே ஈரத்தை நம்பி அதே தட்டில் வாழும் வெடிப்பலாவும் பாலியும் அதே அளவில் கன்றின்றித் தவிக்க வேண்டும். செங்குறிஞ்சியைப் பற்றி எழும் தனிக் கவலை அவற்றைப் பற்றி எழவில்லை. அவை மலைத்தொடரில் மேலும் வடக்கே பரந்து வாழ்பவை, ஓரிடத்து இழப்பை இன்னோரிடத்தில் ஈடுகட்டக்கூடியவை. செங்குறிஞ்சிக்கு இன்னோரிடம் இல்லை. குறுகிய பரப்பு பழங்காலம் தந்தது, அந்தப் பரப்புக்குள் ஓட்டைகளை இட்டது தோட்டப் பொருளாதாரம், ஓட்டைகளுக்கு நடுவே எஞ்சியதை இப்போது பருவநிலை உலுக்குகிறது. வரிசை இது என்றால் கடைசியாக வந்ததற்கு வலிமை கொடுத்தவை முதலிரண்டுமே.

இவ்வளவு காலம் இது கவனிக்கப்படாமல் போனதற்குப் பார்வையின் வரலாறும் பொறுப்பு. குற்றாலம் தாவரவியலாளர் கண்ணில் படாத இடம் அன்று. ராபர்ட் வைட் 1830களிலேயே இங்கு வந்து பெருந்தொகையான செடிகளைச் சேகரித்தார், இம்மலையின் பெயரையே சிற்றினப் பெயராகத் தாங்கிய நாவல் மரமும் உண்டு. திருவாங்கூரின் வனக் காப்பாளராக இருந்த பூர்டில்லன் அந்நாட்டுக் காட்டு மரங்களைப் பற்றி 1908இல் தனிநூலே எழுதினார். ஆனால் வனத்துறையின் கணக்கெடுப்பு அடிப்படையில் கட்டைக் கணக்கு: குறிப்பிட்ட சுற்றளவுக்கு மேற்பட்ட மரம் எத்தனை, அதில் எத்தனை கன அடி தேறும் என்பதே கேள்வி. காலடியில் இருக்கும் இரண்டிலைக் கன்றுக்கு அந்த ஏட்டில் பத்தி இல்லை. கோயில் மரபின் பார்வையும் வேறு வகையில் தேர்ந்தெடுத்தது. குற்றாலநாதர் கோயிலின் தலமரமான குறும்பலா சம்பந்தரின் தனிப் பதிகம் பெற்றது, அதனால் காக்கவும் பட்டது. அது ஊருக்குள் நின்ற மரம். முகட்டுக் காட்டில் நின்ற செங்குறிஞ்சிக்கு அருவியில் குளிக்க வந்தவர் பார்வை எட்டவில்லை. அருவியில் விழும் நீரைத் தேக்கி ஒழுகவிடும் காட்டில் அதற்கும் பங்குண்டு என்பது வேறு கதை.

செங்குறிஞ்சியைக் காப்பதற்கென்று கேரள வனத்துறை தனி இயக்கமே தொடங்கி, நாற்றுகளை வளர்த்து நட்டுவருகிறது. விதை உலர்வு தாங்காது என்றால் விதை வங்கியில் பூட்டிவைக்கும் வழி அடைபடுகிறது; உயிருள்ள நாற்றுப்பண்ணையே ஒரே வங்கி. அது பாராட்டத்தக்கது, போதுமானது அன்று. எளிதில் எட்டும் இரண்டு, மூன்று தாய்மரங்களின் விதைகளையே மீண்டும் மீண்டும் எடுத்தால் நடப்படும் கன்றுகள் எல்லாம் உடன்பிறப்புகளாகிவிடும். ஒரு நோய்க்கு எல்லாம் ஒன்றாகச் சாயும். நடப்படும் இடம் சாலையோரத் திறந்தவெளியானால், நிழலில் பல்லாண்டு காத்திருந்து விதானம் விலகும்போது எழும் பழக்கமுள்ள மரத்தை அதன் இயல்புக்கு எதிராக வெயிலில் நிறுத்துவதாகும். ஆண்டுதோறும் எத்தனை நடப்பட்டன என்ற எண்ணிக்கை செய்தியாகிறது. நட்டதில் எத்தனை பத்தாம் ஆண்டில் உயிரோடிருக்கின்றன, தானாக முளைத்தவை எத்தனை என்பதையே முகட்டின் இருபுறமும் ஒரே முறையில் எண்ணவேண்டும். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001இல் அறிவிக்கப்பட்டு, பின்னர் தமிழகப் பகுதியையும் சேர்த்துக்கொண்டு, 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இரு மாநிலமும் சேர்ந்து 3,500 சதுர கிலோமீட்டரைக் காக்கும் அமைப்பு ஒன்று பெயரளவில் இருக்கையில், ஒரே மரத்தின் கன்றுகளை ஒரே ஏட்டில் பதிவது இயலாத காரியமன்று.

மாஞ்சோலைக் குத்தகை 2028இல் முடிகிறது. தோட்ட வேலை நின்று தொழிலாளர் குடும்பங்கள் மலையிறங்க நேர்ந்ததில் அவர்களுடைய வாழ்வுரிமை பற்றிய வழக்குகளும் வாதங்களும் நடந்துவருகின்றன. அது காட்டுக் கேள்வியைவிடச் சிறியதன்று, இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது இரண்டுக்கும் நியாயம் செய்யாது. நிலம் காட்டுக்குத் திரும்பும் என்று மட்டும் சொல்லிவிட்டால் செங்குறிஞ்சி தானே வந்துவிடாது. கவாத்து நின்ற தேயிலை ஆளுயரத்துக்கு மேல் மரமாக எழுந்து தரையை மூடிக்கொள்ளும்; அதற்கடியில் உலர்வு தாங்கா விதை ஒன்று வந்து விழ, அருகிலேயே காய்க்கும் தாய்மரமும் கொண்டுவரும் விலங்கும் வேண்டும். தோட்டத்தைத் தொட்டு நிற்கும் காட்டு விளிம்புகளில் இன்று காய்க்கும் நிலையில் உள்ள செங்குறிஞ்சி மரங்கள் எவை என்று குறித்துவைத்து, அவற்றிலிருந்து உள்நோக்கிக் காட்டுப் பட்டைகளை வளர்ப்பதா, அல்லது தேயிலையின் நிழலிலேயே பல தாய்மரங்களின் கன்றுகளைக் கலந்து நடுவதா என்பதை, குத்தகை முடியும் ஆண்டுக்கு முன்பே வனத்துறை தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.